மூடுபனியில் ஒரு பலலைக்கா

"லோகேசு! டேய் லோகேசு!"

சசிரேகாவின் குரல் தேயிலை மேட்டைத் தாண்டவில்லை. நாலு செடி தள்ளிப் போவதற்குள் பனி அதை விழுங்கிக்கொண்டது.

"கத்திக் கத்தித் தொண்டையக் கெடுத்துக்காத ரேகா," என்றாள், பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த பக்கத்து வீட்டு மாரியம்மா. "காதுல அந்தப் பெரிய ஹெட்போன மாட்டியிருப்பான். எமனே வந்து கூப்புட்டாலும் கேக்காது லா."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மாரியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காலையில் நடந்தது இதுதான். லோகேஸ்வரன், சசிரேகாவின் ஒரே பிள்ளை. பழைய வீடியோ கேம் பாட்டுகளை எடுத்து, ரஷ்யாக்காரர்களின் கிராமத்து வாத்தியங்களில் புதிதாக வாசித்துச் சேர்க்கிற பைத்தியம் அவனுக்கு. அதற்காகவே தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, முக்கோண வயிறும் மூன்று தந்தியுமாக ஒரு பலலைக்காவைத் தானே செய்து வைத்திருந்தான். ஃபேக்டரி வேலையையும் விட்டுவிட்டு, மாதக்கணக்கில் ஒரே பாட்டை டிடிங் டிடிங் என்று அவன் அடித்துக்கொண்டிருக்க, இன்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நம்மகிட்ட மேளம் இல்லியா, மிருதங்கம் இல்லியா? ரஷ்யாக்காரன் கட்டதான் ஒனக்குக் கெடைச்சுதா? அதத் தூக்கிக்கிட்டு எங்கயாச்சும் போய்த் தொலை!"

அவன் பலலைக்காவை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். மத்தியானச் சோற்றுக்கும் வரவில்லை.

வாய் சொல்லிவிட்டது, பெற்ற வயிறு கேட்குமா? காற்றுச் சத்தத்தைப் பதிவு செய்ய அவன் இந்த மேட்டுக்குத்தான் அடிக்கடி வருவான். மேலே பனி இறங்குவதைப் பார்த்ததும், சசிரேகா போட்டது போட்டபடி மாரியம்மாவையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கைப்பேசிகூட லயத்து வரிசை வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"கங்காணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்," என்றாள் மாரியம்மா.

"சொல்லிக்கிட்டு நிக்க நேரம் ஏதுக்கா? அந்தப் பக்கம் பூரா பள்ளம். மழையில மண்ணு வேற வழுக்குது."

பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி ஒன்று பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. சசிரேகா அதன் பின்னாலும் தேடினாள். வெகுநேரம் நடந்த பிறகு, பாசி பிடித்த இன்னொரு தொட்டி. இத்தனை வருஷம் கொழுந்து கிள்ளிய மலையில் இப்படி இரண்டு தொட்டி இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்க மனதில் இடமில்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எங்கோ கீழே விசில் சத்தமும் ஆட்களின் கூப்பாடும் கேட்டன.

"பாத்தியா, லயத்து ஆளுங்க தேட எறங்கிட்டாங்க. இனி ஆப்புட்டுருவான்," என்றாள் மாரியம்மா.

"நாம யாருக்கும் சொல்லலியேக்கா. இத்தன பேரு கெளம்புற அளவுக்கு அவங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

அப்போதுதான் கோயில் ஸ்பீக்கர் கரகரத்தது. கட்டை கட்டையாய் மேலிருந்து விழுகிற பழைய வீடியோ கேமின் பாட்டு, லோகேசு மாதக்கணக்கில் அடித்த அதே பாட்டு. முதலில் ஒற்றைத் தந்தி நடுங்கியது. பிறகு மூன்றும் சேர்ந்து ஓட்டமெடுத்தன. மலை முழுக்க அவள் பிள்ளையின் விரல்கள்.

மாரியம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திருவிழா இல்லாத நாளில் அந்த ஸ்பீக்கர் பாடினால் லயத்தில் சாவு. போனவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டு வழியனுப்புவது இந்தத் தோட்டத்து வழக்கம். லயத்துக் கிழவர் ரெங்கசாமி இறந்த அன்று, அவருக்குப் பிடித்த சினிமாப் பாட்டு பிணத்தைத் தூக்கும்வரை ஓயவில்லை.

சசிரேகா செடிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற யாருக்காச்சும் இருக்கும் ரேகா..."

"இந்தப் பாட்டு எம் புள்ளையத் தவிர இந்த மலையில யாருக்குக்கா புடிக்கும்?"

"போய்த் தொலைன்னு இந்த வாயாலதான சொன்னேன்..." தலையில் அடித்துக்கொண்டவளின் கையை மாரியம்மா பிடித்து நிறுத்தினாள்.

"ஏந்திரி. மொதல்ல புள்ளையப் போய்ப் பாப்போம். சத்தம் வர்ற பக்கமா நட."

செடி கீறியது, கால் சறுக்கியது. எத்தனையோ நாள் காதைப் பொத்திக்கொண்ட அதே சத்தம் எங்கே நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து, அதன் பின்னாலேயே இறங்கினாள் சசிரேகா.

பனியில் டார்ச் வெளிச்சங்கள் ஆடின. மழைக்கோட்டோடு முன்னால் வந்தவர் கோயில் கமிட்டி ராஜு. சசிரேகா அவர் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"எங்கண்ணே கெடத்தியிருக்கீங்க எம் புள்ளைய?"

ராஜு திருதிருவென்று விழித்தார். அவரைத் தள்ளிக்கொண்டு, முழங்கால் வரை சேறும் கையில் டார்ச்சுமாக ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டான் லோகேஸ்வரன்.

"நான் பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிட்டு அப்பவே வந்துட்டேம்மா! பனியில தொலைஞ்சது நீங்க ரெண்டு பேரும்தான், லயமே ஒங்களத்தான் தேடுது!"

அழுகையும் சிரிப்புமாய் ராஜுவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் சொன்னேன்ல ராஜுண்ணே, இந்தப் பாட்டப் போட்டா என்னத் திட்டுறதுக்காச்சும் எங்கம்மா வந்துரும்னு!"