அண்ணன் சொன்ன நியாயம்

"இங்கே பச்சைக் குழந்தைங்க மூச்சுக்குப் போராடுது. நீ மூட்டை கட்டறே. வெட்கமா இல்லையா உனக்கு?"

பெரிய டாக்டர் இப்படிக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இருப்பதே அவரும் அவளுமாக இரண்டு டாக்டர்கள். இருவரும் கடல் தாண்டி வந்தவர்கள், ஒரே பாஷைக்காரர்கள். வந்த நாளிலிருந்து அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"பயமா இருக்குண்ணா" என்றாள்.

ஆட்சி மாறினால் ஆபீஸ் சுவரில் மாட்டிய படம் மாறும் என்றுதான் நினைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் முகமும் மாறும் என்று யார் கண்டார்கள்? வந்தேறிகளை விரட்டுவோம் என்று ஓட்டு வாங்கிய கட்சி, வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தொடங்கியது. யாரோ அவள் கார் கண்ணாடியை உடைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மகளிடம், "நீ எப்போ போவே?" என்று கேட்டார்கள். போன வாரம் ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரியிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

"என் கார் கண்ணாடியும்தான் உடைஞ்சுது. மாத்திட்டு வேலைக்கு வரலை? நாம ஓடிட்டா அவங்க பேசினதெல்லாம் சரின்னு ஆயிடும்."

"என் பொண்ணு பள்ளிக்கூடம் போகவே அழறாண்ணா."

அவர் இன்குபேட்டருக்குள் கிடந்த குழந்தையைக் காட்டினார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இதோட அம்மாவும் வெளியே அழுதுட்டுதான் இருக்கா. அவ யாருக்கு வேணா ஓட்டுப் போட்டிருக்கட்டும். இது போடலையே?"

அவளுக்கு அவமானமாக இருந்தது.

விஷயத்தைக் கேட்டுக் கணவன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். "அவருக்குப் பிள்ளையா குட்டியா? நல்லா நியாயம் பேசுவார்."

"அண்ணா இருக்கிற தைரியத்துல நாமளும் இருந்துடலாம்" என்றாள் அவள்.

மறுநாள் தலைமை அதிகாரியைப் பார்த்து, போகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரிய டாக்டர் அவள் தலையில் கை வைத்து, "இப்பதான் நீ டாக்டர்" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. யாராவது அடித்துப் போட்டுவிட்டார்களோ என்று பயந்து, தலைமை அதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

"அவர் வேலையை விட்டுட்டு நேத்தே ஊருக்குக் கிளம்பிட்டாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

அவள் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அப்போ நானும் போறேன் சார்."

"இனிமே எப்படிம்மா? டாக்டரே இல்லாம அந்தப் பிரிவை நடத்த முடியாது. வேற ஆள் வர்ற வரைக்கும் மேலிடத்துல உங்களை விட மாட்டாங்க. மீறிப் போனா லைசென்ஸே போயிடும். இந்த நிலைமையில இங்கே யார் வரப்போறா?"

"அவரை மட்டும் எப்படி விட்டீங்க?"

தலைமை அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க கேட்ட மறுநாளே அவரும் வந்து கேட்டார். ரெண்டு பேர்ல முதல்ல கேட்ட ஒருத்தரைத்தான் விட முடியும்னு சொன்னேன். 'அந்தப் பொண்ணு போகாது சார், நான் பேசிக்கறேன்'னு சொல்லிட்டுப் போனார்."