கதவில் ஒரு வட்டம்

"மம்மி, என் கதவுல யாரோ செவப்பு பெயிண்ட்ல வட்டம் போட்டிருக்காங்க!"

மைசூர் லஷ்கர் மொஹல்லா வீட்டில் காபி கலந்துகொண்டிருந்த விக்டோரியா டம்ளரை அப்படியே வைத்தாள். போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். வீடியோவில் மகள் நிம்மியின் முகம் வெளிறிக் கிடந்தது.

நிம்மி வட அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். வெளிநாட்டுக்காரர்கள் வெளியேற வேண்டுமென்று அங்கே ஒரு வாரமாகக் கலவரம். நேற்று பக்கத்துத் தெருவில் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள்.

"எப்போ போட்டாங்க?"

"தெரியல மம்மி. நைட் டூட்டி முடிச்சு வந்து தூங்கிட்டேன். இப்பதான் கதவத் தொறந்தேன். ஒரே பனி, எதிர் வீடுகூடத் தெரியல. தெருவுல ஒரு சத்தமும் இல்ல. பயமா இருக்கு."

"போலீஸுக்கு அடிச்சியாம்மா?" என்றார் அப்பா ஸ்டானிஸ்லாஸ்.

"அடிச்சேன் டாடி. வரோம்னாங்க, வரல. கலவரக்காரங்க ஊர்வலம் இன்னிக்கு இந்தப் பக்கம் வருதாம். எதிர் வீட்டு மேகி ஆன்ட்டியக் கேக்கட்டுமா?"

"யாரையும் கேக்காதே!" விக்டோரியா சீறினாள். "அவங்களும் அந்த ஊர்க்காரங்கதானே? யார் மனசுல என்ன இருக்குன்னு கண்டோம்?"

அவள் பட்டவள். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது, தமிழர் வீடு என்று காட்டிக்கொடுக்க, இந்த வீட்டுக் கேட்டிலும் எவனோ கரியால் குறி போட்டிருந்தான். ஸ்டானிஸ்லாஸ் ஈரச் சாக்கால் அழித்தார், தப்பித்தார்கள். ரெண்டு வீடு தள்ளி இருந்த பொன்னம்மா அசட்டையாக விட்டுவிட்டாள். அவள் வீட்டில் சுவர்தான் மிஞ்சியது.

"அழிச்சிடு நிம்மி. நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்குல்ல? துணில நனைச்சுத் தேய். பேகா, சீக்கிரம்!"

நிம்மி போனைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். எங்கோ தூரத்தில் முரசு அடிப்பதுபோல் ஒரு சத்தம். அது மெல்ல மெல்ல நெருங்கியது. விக்டோரியா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சு மம்மி! கறைகூட இல்ல."

"மாதாவே, எம் புள்ளையக் காப்பாத்திட்டே!" விக்டோரியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

நிம்மி போனைக் கையில் எடுத்துத் தெருப் பக்கம் திருப்பினாள். பனி விலகிக்கொண்டிருந்தது. முதலில் எதிர் வீட்டுக் கதவு தெரிந்தது. அதிலும் சிவப்பு வட்டம். அடுத்த கதவிலும் வட்டம். அதற்கடுத்த கதவிலும்.

"என்னங்க இது?" விக்டோரியா கணவனின் கையைப் பிடித்தாள். "அங்கே எல்லாருமா வெளிநாட்டுக்காரங்க?"

முரசுச் சத்தம் தெரு முனையில் திரும்பியது. எதிர்க் கதவு திறந்து, வயதான வெள்ளைக்காரி ஒருத்தி தெருவைக் கடந்து ஓடிவந்தாள். "மேகி ஆன்ட்டி..." என்றாள் நிம்மி. நிம்மி துடைத்திருந்த கதவை மேகி பார்த்தாள். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் பேசிய ஆங்கிலம் விக்டோரியாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"ஐயோ பெண்ணே, இது உள்ளூர்க்காரர் வீடு, தொடாதே என்பதற்கான அடையாளம், நீ தூங்கும்போது அவர்களுக்குத் தெரியாமல் நான்தான் உன் கதவிலும் போட்டுவைத்தேன், அதை யார் அழிக்கச் சொன்னது?"