பேனாவைக் கீழே போடு!

"இந்த வாசப்படியைத் தாண்டினா நான் திரும்பி வரமாட்டேன். எனக்குத் தெரியும்."

கிழவர் ஹாவர்த் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வட இங்கிலாந்தின் ஜனவரி. நகராட்சி வாடகைக்கு விட்டிருந்த அந்தச் சின்ன வீட்டில் ஜன்னலுக்கு உள்பக்கமும் பனி உறைந்திருந்தது. அவர் காலில் சுற்றியிருந்த துணியிலிருந்து வந்த நாற்றத்துக்கு டாக்டர் மூக்கைப் பொத்தாமல் நின்றதே பெரிய விஷயம்.

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே கிடந்தீங்கன்னா காலையே எடுக்க வேண்டி வரும்," என்றார் டாக்டர்.

நகராட்சியிலிருந்து வந்திருந்த ஜூடித் கிழவர் அருகில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"குளிர் முடியற வரைக்கும்தான் மிஸ்டர் ஹாவர்த். முதியோர் இல்லத்துல கதகதன்னு இருக்கும். மூணு வேளையும் சூடா சாப்பாடு. நீங்களா சம்மதிச்சு ஒரு கையெழுத்து போட்டா, கௌரவமா கார்ல போயிடலாம். இல்லேன்னா மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வாங்கி, போலீஸை வெச்சுத் தூக்கணும். சட்டம் இருக்கு. எனக்குத்தான் மனசு வரலை."

கிழவரின் கண் கலங்கியது. மெதுவாகப் பேனாவை வாங்கினார்.

"யோவ்! பேனாவைக் கீழே போடு!"

தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு பக்கத்து வீட்டு எட்னா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவுதானா உன் வீறாப்பு? சின்னப் பொண்ணு நாலு வார்த்தை இனிக்கப் பேசினதும் உருகிட்டியா? எவனுக்கும் தலைவணங்காதவன்னு பீத்திக்குவியே!"

கிழவரின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. பேனா சுவரில் போய் மோதியது.

"உத்தரவே வாங்கிட்டு வா! என்னைத் தூக்கித்தான் பாரேன்!"

ஜூடித்துக்கு ஆத்திரம் தலைக்கேறியது. 'பக்கத்து வீட்டுக் கிழவன் செத்துத் தொலையப் போறான், சீக்கிரம் வாங்க' என்று நகராட்சிக்குப் போன் செய்து கத்தியதே இந்த எட்னாதான். இப்போது காரியத்தைக் கெடுப்பதும் இவளேதான். இப்படியும் ஒரு ஜென்மமா!

அன்று மத்தியானமே உத்தரவு வந்துவிட்டது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, கிழவரை நாற்காலியோடு தூக்கினார்கள். அவர் விட்ட வசவில் போலீஸ்காரருக்கே காது கூசியது. ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பும்வரை எட்னா இடுப்பில் கையூன்றி நின்றாள்.

ஜூடித்தால் பொறுக்க முடியவில்லை.

"இப்போ திருப்தியா? ஒரு கையெழுத்தோட முடிஞ்சிருக்கும். ஊரே பார்க்க அந்த மனுஷனை அவமானப்படுத்திட்டீங்களே!"

"எங்க அக்கா அந்தக் கையெழுத்தைப் போட்டா கண்ணு."

எட்னாவின் குரலில் இப்போது சண்டை இல்லை.

"குளிர் முடியற வரைக்கும்னுதான் அவகிட்டயும் சொன்னாங்க. எந்த வருஷத்துக் குளிர்னு சொல்லலை. பனி உருகறதுக்குள்ள அவ வீட்டு ஜன்னல்ல வேற யாரோட திரைச்சீலையோ தொங்குச்சு. போய்க் கேட்டா, நீங்களா விரும்பித்தானே வந்தீங்கன்னுட்டாங்க. அங்கேயே போய்ச் சேர்ந்துட்டா."

"ஆனா..."

"உத்தரவுன்னா மூணு வாரம்தான். அதுக்கு மேல வெச்சிருக்கணும்னா நீங்க மறுபடி மாஜிஸ்ட்ரேட் முன்னாடி போய் நிக்கணும், ஏன்னு காரணம் சொல்லணும். அதையெல்லாம் நல்லா விசாரிச்சுக்கிட்டுத்தான் உங்களுக்குப் போனே பண்ணேன். வைத்தியமும் நடக்கணும், வீடும் போகக் கூடாது, வேற வழி? கால் ஆறட்டும். அவன் வர்ற அன்னிக்கு நானே வந்து வீட்டைக் கூட்டி, அடுப்பு மூட்டி வெச்சிடுவேன்."

கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எட்னா நிமிர்ந்தாள்.

"ஏம்மா, அதுவரைக்கும் அவன் வீடு அவனுக்குத்தானே?"

ஜூடித் அந்தக் காலி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று காலையில் கிளம்புவதற்கு முன்பே அலுவலகத்தில் முடிவாகியிருந்தது. பெயரை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.