புகைக்கு விழுந்த கைத்தட்டல்

ஒரு பந்தயக் காரின் பின்பக்க டயருக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. பந்தயம் தொடங்கக் கொடி விழுந்ததும் என்ஜின் உறுமும். டயரோ நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் தேயும். அதன் தோல் கருகிப் புகை கிளம்பும். அதைப் பார்த்துக் கூட்டம் கை தட்டும். என்ஜினுக்குத் தலைகால் புரியாது.

"பார்த்தியா என் பலத்தை?" என்று டயரிடம் கேட்கும். பந்தயத்தில் தோற்றதைப் பற்றி மட்டும் மூச்சு விடாது.

ஒருநாள் மெக்கானிக் சவரிமுத்து காரின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை. விறைத்துக் கிடந்த பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்.

"நீயாவது இந்த என்ஜினை அடக்கி வைப்பியா?" என்று டயர் புது ஸ்பிரிங்கிடம் கேட்டது.

"அதை யாரு அடக்குறது? அது உறுமும்போது நான் கொஞ்சம் குனிஞ்சுக்குவேன். வண்டியோட பாரம் உன் மேல வந்து உட்காரும். நீ தரையை விடாம பிடிச்சுக்கோ."

அடுத்த பந்தயத்தில் கொடி விழுந்ததும் ஸ்பிரிங் குனிந்தது. டயர் தரையைக் கவ்வியது. பொட்டுப் புகை இல்லை. கார் விர்ரென்று போய் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றது.

என்ஜினின் முகம் தொங்கிப் போயிருந்தது. "இன்னைக்கு ஒருத்தன்கூட கை தட்டலையே."

டயர் திரும்பிப் பார்த்தது. வெகு தூரத்தில், கிளம்பிய இடத்தில், புகை மண்டிக் கிடந்தது.

"தட்டுறாங்கப்பா," என்றது. "பக்கத்துக் காருக்கு. அது இன்னும் கிளம்பல."