நாலாவது ஓட்டை

"மூணா, நாலா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றபடி டாக்டரம்மா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த லிஃப்ட் மெக்கானிக் ரெண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மனுஷன் வந்தது ஒரே ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க. அதைப்போய் மூணு, நாலு என்று ஏலம் விட்டால் எப்படி?

"பல்லைக் கேக்கலைங்க. உங்க சாவிக்கொத்துல செந்தும்பி தொங்குதே, அதுக்கு எஞ்சின் மூணா, நாலான்னு கேட்டேன்."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செந்தும்பி என்பது ஒரு டிவி தொடரில் வந்த விண்வெளிக் கப்பல். அதன் வால் பக்கத்தில் நாலு ஓட்டை. மூன்றில் நெருப்பு பறக்கும், நாலாவது மட்டும் எப்போதும் இருட்டாகவே கிடக்கும்.

அதுவும் எஞ்சின்தான், ஆபத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு கட்சி. எஞ்சினும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, குப்பை கொட்டுகிற வழி என்பது இன்னொரு கட்சி. தொடர் முடிந்து வருஷங்கள் ஆகியும் ரசிகர் குரூப்பில் சண்டை மட்டும் முடியவில்லை.

எஞ்சின் நாலு என்கிற கட்சிக்குத் தலைவரே நம்ம மெக்கானிக்தான். குரூப்பில் அவர் பெயர் வால்நட்சத்திரம். மூலைக்கு ஒன்றாக நாலு இருந்தால்தான் கப்பல் ஆடாமல் போகும், ஒரு பக்கம் கயிறு குறைந்த லிஃப்டில் நீங்கள் ஏறுவீர்களா என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை ஒருத்தரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

எதிர்க்கட்சித் தலைவன் பெயர் குறடு. முறுக்கு மீசையும் கிரீஸ் கையுமாக எங்கேயோ ஒரு பட்டறையில் உட்கார்ந்திருப்பான் என்பது மெக்கானிக்கின் கணிப்பு.

இன்று காலை அந்தக் குறடு ரொம்பத்தான் சீண்டிவிட்டான். மெக்கானிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்தபோதே, ஒரு கையால் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குரூப்பில் சபதம் போட்டார்: 'பல்லைப் பிடுங்கினாலும் என் வாயிலிருந்து மூணு என்கிற வார்த்தை வராது.' கட்சிக்காரர்கள் தலைவரே, தலைவரே என்று கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள்.

இப்போது அதே வாய்க்குள்தான் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், டாக்டரம்மாவின் ரெண்டு விரல். ஊசி போட்டதில் தாடை மரத்துப்போய், நாக்கு யாருடையதோ மாதிரி கிடந்தது.

டாக்டரம்மா பேச்சை விடுவதாக இல்லை. எஞ்சின் மூணும் முக்கோணமாக நின்றால்தான் கப்பல் சட்டென்று திரும்புமாம், பார்க்கவும் லட்சணமாக இருக்குமாம். இந்த நாலு கட்சிக்காரர்களுக்கு எல்லாம் சதுரமாக இருந்தால் போதும், விட்டால் பீரோவைக்கூடப் பறக்கவிடுவார்களாம்.

அதிலும் வால்நட்சத்திரம் என்று ஒரு மேதாவி இருக்கிறாராம். அவர் மட்டும் கையில் கிடைத்தால் மரத்துப்போக ஊசியே போடாமல் வேலையைப் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டே, தட்டிலிருந்து பளபளவென்று எதையோ எடுத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. மாடி மாடியாகக் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிற தைரியசாலிதான். ஆனால் வாய்க்குள் ஆயுதத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் அரசியல் பேசினால் வீரமாவது ஒன்றாவது.

"பேச முடியாதில்ல, விரலைக் காட்டுங்க போதும். மூணா, நாலா?"

கொள்கையா, தாடையா? மெக்கானிக் மனசுக்குள் கட்சிக்காரர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டார். நாலு விரல் நெஞ்சுக்கு மேலே எழும்பியது. ஆயுதம் கொஞ்சம் கிட்டே வந்தது. சுண்டுவிரல் தானாகவே மடங்கிக்கொண்டது.

"அப்படி வாங்க வழிக்கு" என்றார் டாக்டரம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "அப்படியே இருங்க, அசையாதீங்க. பல்லை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

அதற்கப்புறம் அந்தக் கை பூ மாதிரி வேலை செய்தது. ஒரு அசைப்பு, ஒரு திருகு, பல் தட்டில் வந்து விழுந்துவிட்டது. வலி என்று ஒன்று தெரியவே இல்லை. சட்டைப் பையில் செல்போன் மட்டும் விடாமல் உதறிக்கொண்டே இருந்தது. பாவம், வீட்டுக்காரி பதறிப்போய்க் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்தபோது மெக்கானிக்குக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பல்லும் போச்சு, ஆளும் தப்பிச்சாச்சு. நாலு சுவருக்குள் மூணு விரலைக் காட்டியது எந்தக் குறடுக்குத் தெரியப்போகிறது? வீட்டுக்குப் போனதும் அவனை ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான் என்று பஞ்சைக் கடித்தபடி போனை எடுத்தார்.

வீட்டுக்காரி இல்லை, குரூப். நாலு கட்சி முழுக்க ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. தலைவரே இப்படிப் பண்ணிட்டீங்களே என்று ஒருத்தர், நான் கட்சியை விட்டே போறேன் என்று இன்னொருத்தர். ஒன்றும் விளங்காமல் விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார். அங்கே குறடு அனுப்பிய ஒரு படம், இன்னும் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே ஆறுதலாகச் சொன்னார்:

"விடுங்க வால்நட்சத்திரம், உங்க வாயிலேர்ந்து வரலையே."