லோறன்சின் ரகசிய ரேடியோ

ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு காடு. பிளாஸ்டிக் குண்டால் சுட்டு விளையாடும் எயார்சொஃப்ட் போட்டியில் தமிழ் அணி நோர்வே அணியிடம் மூன்றாவது ஆட்டத்திலும் அடி வாங்கிக்கொண்டிருந்தது. புதருக்குள் படுத்திருந்த கப்டன் லோறன்ஸ் தன் அணியின் நிலூஜாவை அழைக்க ரேடியோவை வாயருகே பிடித்தார்.

“நிலூஜா, நாங்கள் தமிழிலை கதைச்சும் அவங்கள் கண்டுபிடிக்கிறாங்கள். ஆரோ எங்கடை ஆள்தான் ஒட்டுக்கேட்டுச் சொல்லுறான். பதில் பேசாமல் சனலை மாத்து!”

பதில் இல்லை. சொன்னபடி நடக்கும் பிள்ளை என்று லோறன்ஸ் மனத்துக்குள் மெச்சினார். அடுத்த கணம் முதுகில் குண்டுகள் பட்டன.

சுட்ட எதிரணி எஸ்பனிடம் கையைத் தூக்கியபடியே நோர்வே மொழியில் கேட்டார்:

“உங்களுக்கு மொழிபெயர்க்கிறது யார்?”

“ஒருவருமில்லை. எங்களிடம் ரேடியோகூட இல்லை. நீ கத்தின பக்கமாக நடந்து வந்தேன்.”

லோறன்ஸ் அசடு வழிந்தார். போன் அட்டை போட்டு யாழ்ப்பாணத்தோடு கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது.

அப்போது நிலூஜா மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

“பிள்ளை, நான் கத்துறன் எண்டு ரேடியோவிலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“என்ரை ரேடியோ காலமையிலையிருந்து காருக்குள்ளை கிடக்குது அண்ணை. உங்கடை அணியிலை அது தேவைப்படேல்லை.”