கட்டைவிரல் நின்ற இடம்

“உன் காலைக் கொஞ்சம் காட்டு” என்றார் என் கணவர்.

கூடத்தில் அவருடைய ஓட்டக் குழு நண்பர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய இடது கால், முழங்கால்வரை ஏறிய மருத்துவ பூட்ஸுக்குள், இரண்டு தலையணைகளின் மேல் ஒரு விருந்தாளியைப்போல வீற்றிருந்தது. பாடம் நடத்த அது உதவாது. வேறு கால் வேண்டும்.

நான் காலி டம்ளர்களோடு நின்றிருந்தேன். அவர் அதற்குள் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

“விழுந்து உடைஞ்சா அது வேற கேஸுடா. இது, ஓய்வே குடுக்காம ஒரே எலும்பு மேல பாரத்தப் போட்டுக்கிட்டே இருந்தா வர்றது. மயிரிழை மாதிரி விரிசல் விடும். முதல் எக்ஸ்ரேல தெரியவே தெரியாது. எலும்பு சேர ஆரம்பிச்ச பிறகுதான் படத்துல விழும். அதுவரைக்கும் ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

“நாங்களே நம்பலையே கேப்டன். பந்தயத்துக்குப் பயந்து டிராமா போடறீங்கன்னுல்ல நெனச்சோம்” என்றான் டர்போ. எப்போதும் கடைசியாக ஓடி வருகிறவன் என்பதால் அந்தப் பெயர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. யாரும் தன்னை நம்பாமல் இருந்த அந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் அவருக்கு மனம் ஆறாது.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தப் பாடம் மனப்பாடமாகிவிட்டது. நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். பாதத்தின் மேல் லேசாக வீங்கும். கவனிக்காமல் விட்டால் படுத்திருக்கும்போதும் வலிக்கும். மெத்தென்ற செருப்பு வேண்டும், நடுநடுவே காலுக்கு ஓய்வு வேண்டும் என்று அறிவுரையில் முடியும்.

முதலில் கேட்டபோது பாவமாக இருந்தது. இப்போதெல்லாம், யாரோ என்னைப் பற்றி எனக்கே சொல்வதுபோல இருக்கிறது.

நான் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். மேசைக்குப் பின்னால் நாற்காலி கிடையாது. வரவேற்கிறவள் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். வீட்டில், அவர் காலை ஊன்றக் கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம். இரண்டு சட்டங்களுக்கும் சேர்த்து நான் நின்றேன். மாடிப்படி, கடை, அடுப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடம், மறுபடி மாடிப்படி.

நாளை அவருக்கு மறுபரிசோதனை. என் காலையும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இன்று அவரிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன். இவர்கள் கிளம்பட்டும் என்று காத்திருந்தேன். என்ன பதில் வரும் என்று தெரியாமல் இல்லை. நீ என்ன பந்தயமா ஓடினே?

“காலைத்தானே கேட்டேன், கிட்னியவா கேட்டேன்?” என்றார் அவர் மறுபடி.

டம்ளர்களை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்கிறேன். அவர் என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என் காலைத் தொட்டதாக நினைவில்லை.

“இதோ, விரலுக்குப் போற நீள எலும்பு. இது ரெண்டாவது, இது மூணாவது.”

கட்டைவிரல் என் பாதத்தின் மேல் ஊர்ந்தது. மெதுவாக, தடவித் தடவி, ஒவ்வொரு எலும்பாக. வீங்கியிருந்த இடத்தில் வந்து நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இந்த வலி தெரிந்த மனிதர். இந்த இடம் தெரிந்த விரல். நான் வாய் திறக்கவே வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது.

“இங்க அழுத்தினா உயிரே போயிடும்” என்று சொல்லி, அழுத்தினார்.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

“பாத்தீங்களா, தொட்டாலே துள்ளுவா. எப்பவுமே கூச்சக்காரி.”

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

“சரி, ஐஸ் வைக்கிற நேரமாச்சு. எடுத்துட்டு வா.”

சமையலறைக்குப் போனவள் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

பூட்ஸைக் கழற்றி, துணியில் சுற்றிய ஐஸ் பையை அவர் காலில் வைத்தேன். முகத்தைச் சுளித்தார்.

“என்ன இது, பாதி உருகிக் கெடக்கு?”

“ஃப்ரிட்ஜ் சரியில்லங்க.”

டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்த டர்போ அங்கிருந்தே குரல் கொடுத்தான். “அண்ணி, இங்க தரையெல்லாம் தண்ணி. நடுவுல ஒரே ஒரு பாதம் வச்ச எடம் மட்டும் காய்ஞ்சிருக்கு. வீட்டுல பேய் கீய் வளக்கறீங்களா?”

மறுபடி சிரிப்பு.

என் கணவர் மட்டும் சிரிக்காமல், அக்கறையோடு என்னைப் பார்த்தார்.

“ஃப்ரிட்ஜ்தான் ஒழுகுது போல. நாளைக்கே ஆளக் கூப்பிட்டுக் காட்டிடு. ஆரம்பத்துலயே கவனிக்கணும், இல்லன்னா மொத்தமா போயிடும்.”

“சரிங்க” என்றேன்.